செட்டில்மென்ட் அண்ணை குடிவந்த வீடுகள்

லண்டனில் வீட்டுச் சொந்தக்காரர், குடிகாரர், சங்கத் தலைவர் ஆகிய மூன்று சாதியும் ஒன்றாகப் பயந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான். அவர்தான் செட்டில்மென்ட் அண்ணை.

பெயரைக் கேட்டு அவரை விசா வழக்குப் பேசும் லோயர் என்று நம்பிப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் பலர். வந்தவர்களை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் ஏழைகளின் கதையை முழுதாகச் சொல்லித்தான் அனுப்புவார்.

ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில். ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வான் ஓட்டினார். ஆங்கிலம் படிக்கக் கிழக்கு லண்டனில் ஒரு பழைய செங்கல் கட்டிடத்துக்குப் போனபோது, சுவரில் ஒரு படத்தைக் கண்டிருக்கிறார். விறைப்பான கழுத்துப்பட்டியோடு பணக்கார வாலிபர்கள். பல்கலைக்கழகம் முடித்த கையோடு சேரிக்கு வந்து, ஏழைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர்களாம். அப்படி அவர்கள் இருந்த வீட்டுக்குத்தான் செட்டில்மென்ட் என்று பெயர் என்று டீச்சர் சொன்னார். வகுப்பில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு பஸ் பிடித்தார்கள். இவருக்கு அன்றைக்குப் பிடித்தது விடவேயில்லை.

"உதவி அனுப்ப ஆயிரம் பேர் இருக்கினம். பக்கத்தில போய் இருக்கத்தான் ஆளில்லை" என்பார்.

சொன்னதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. எந்த வீட்டில் கஷ்டம் என்று கேள்விப்பட்டாலும், காற்றடிக்கிற மெத்தையும் தேத்தண்ணிக் கேத்திலுமாகப் போய் இறங்கிவிடுவார். கஷ்டம் தீரும்வரை கிளம்பமாட்டார்.

வெம்பிளியில் ஒரு வயதான தம்பதி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருடக்கணக்காக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அண்ணை அவர்களுடைய ஹோலில் மெத்தையை விரித்தார். ஒரு கிழமை பொறுத்தார்கள். பிறகு ஒருநாள் கிழவர் குசினிக்குள் போய், "இந்தாளை எப்பிடியப்பா அனுப்புறது?" என்று சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு யோசனை சொல்லத் தொடங்கினார். இருவரும் அப்படியே பேசிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அண்ணை சத்தம் போடாமல் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

அந்த நாட்களில் நான் நோர்பரியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் சங்கம். ஒருநாள் குணம் என்ற பொடியன் உதவி கேட்டு வந்தான். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தவன். குடி கூடிப்போய், மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையும் போய், இருந்த அறையை விட்டு எழும்பும்படி வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதவி தகுதியான ஆக்களுக்குத்தான் போகவேணும். இவர் குடியை விட்டிட்டு வரட்டும், பாப்பம்."

பின்வரிசையிலிருந்து செட்டில்மென்ட் அண்ணை எழுந்தார். "தலைவர், நூறு வருசத்துக்கு முன்னம் இதே லண்டனில ஒரு தர்மச் சங்கம் இருந்தது. வீடு வீடாப் போய், ஆர் நல்ல ஏழை, ஆர் கெட்ட ஏழை எண்டு பிரிச்சவை. குடிச்சவையோ எண்டு வாயை மணந்தும் பாத்திருப்பினம். நீங்கள் சொன்னதைத்தான் அவையும் சொன்னவை. அவை தொப்பி போட்டிருந்தவை, அதுதான் வித்தியாசம்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். நான் போய் இருக்கிறன்."

"எங்கை?"

"குணத்தின்ரை அறையில."

குணத்தின் முகத்தில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அப்போதுதான் போனது.

பத்து நாள் கழித்து அவன் என்னைத் தேடி வந்தான். "அண்ணை, எனக்கு உதவி வேண்டாம். அந்தாளைத் திருப்பி எடுங்கோ."

"குடிக்க விடுறாரில்லையோ?"

"விடுறாரே. அதுதானே பிரச்சினை. நான் போத்திலைத் திறந்தால் முன்னுக்கு வந்திருந்து பழைய காலத்து அநாதை மடத்துக் கதை சொல்லுறார். குடிக்கிறன், வெறி ஏறுதில்லை."

அந்தக் கிழமையே அண்ணை அவனோடு வீட்டுக்காரரிடம் போனார். வாடகை கட்டத் தவணை தர ஏலாது என்றார் வீட்டுக்காரர். "பரவாயில்லை, உங்களுக்கும் ஏதோ கஷ்டம் போல. நான் இஞ்ச வந்து உங்களோட கொஞ்சநாள் இருக்கட்டோ?" என்று அண்ணை உண்மையான அக்கறையோடு கேட்டார். தவணை உடனே கிடைத்தது. பெட்ரோல் ஸ்டேஷனில் மீண்டும் ஷிப்ட் கிடைத்ததும் அநேகமாக இதே வழியில்தான். ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் குணத்தோடு வாசல்வரை நடந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டும் பார்க்கில் வந்து தகப்பனோடு விளையாடின. அண்ணை தூரத்து வாங்குப் பலகையில் இருந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நல்ல முடிவு என்று நாங்கள் நினைத்திருக்க, குணம் மறுபடி குடியில் விழுந்தான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வரவேண்டாம் என்று மனைவி வீட்டார் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத் தொடங்கியவன் மூன்று நாள் நிறுத்தவில்லை. "நான் அப்பவே சொன்னன்" என்றார் தலைவர். எனக்கு அண்ணையை நினைக்கத்தான் கவலை. ஆறுதல் சொல்லப் போனேன்.

குணம் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தான். ஏற்கெனவே வீட்டுக்குத் திரும்பியிருந்த அண்ணை மறுபடி வந்து, நிலத்தில் மெத்தைக்குக் காலால் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பாடுபட்டும் வீணாப் போச்சே அண்ணை."

அவர் காற்றடிப்பதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். "ஆர் சொன்னது வீண் எண்டு? நான் இவனைத் திருத்த வரேல்லை. விழுறவனுக்குப் பக்கத்தில ஒரு ஆள் இருக்கவேணும். போனமுறையும் இருந்தன், இந்தமுறையும் இருக்கிறன்."

"இன்னொருமுறை விழுந்தால்?"

"மெத்தை இருக்குத்தானே."

நான் எத்தனையோ கூட்டங்களில் சேவையைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவன். அந்தச் சின்ன அறையில் குனிந்து மெத்தையின் ஒரு மூலையை இழுத்து நேராக்கிக் கொடுத்தேன். ஒரு மனிதருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபடி நின்றேன்.

சுவர்ப் பக்கமிருந்து குணத்தின் குரல் வந்தது. "அந்தக் காத்தைச் சத்தமில்லாமல் அடிக்க ஏலாதோ?"

"ஏலாது" என்றார் அண்ணை.

குணம் எழும்பினான். பிறகும் ஒருமுறை விழுந்து எழும்பினான். இப்போது மனைவி பிள்ளைகளோடுதான் இருக்கிறான். எப்படி நடந்தது என்று கேட்டால், "அந்தாளை அனுப்ப வேற வழி தெரியேல்லை அண்ணை" என்கிறான். சொல்லும்போது கண் கலங்குகிறது.

முழங்கால் ஏலாமல் போனபின் அண்ணையை மகள் சட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போன கிழமை போன் எடுத்துச் சுகம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டில ஒரு வெள்ளைக்கார மனுசி தனிய இருக்கிறா. வந்து இருக்கட்டோ எண்டு கேட்டனான். பொலிசுக்குப் போன் அடிச்சுப்போட்டா."

"ஐயோ, பிறகு?"

"வந்த பொலிஸ்காரப் பொடியன் நல்லவன். மூண்டுபேருமா இருந்து தேத்தண்ணி குடிச்சம். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறா."

போனை வைத்தபின் மனைவியிடம் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை சட்டனுக்குப் போய் அந்த மனிதரை நாலு நாள் இங்கே கூட்டிவந்து வைத்திருப்போம், எங்கள் வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லாவிட்டாலும்.