ஜிம்மியும் ஒன்பதாவது மீன் பெட்டியும்

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் மீனுக்குத்தான். அதுவும் செத்த மீனுக்கு. நிழலுக்குக் கொண்டுபோ, பெட்டியின் அடியில் ஐஸ் போடு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்து. லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவனுக்கு வெயிலைப் பற்றி இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்று முப்பது வயது வரை இறுமாந்திருந்தேன். ஜிம்மி என்கிற நாய் ஒரே மதியத்தில் அந்த இறுமாப்பை இறக்கிவிட்டது.

ஜிம்மி என் மச்சானுடையது. அதாவது என் மனைவி வசந்தாவின் அண்ணன். ஆரம்பாக்கம் பக்கம் நெல் விவசாயம். தங்கை கடற்கரைக்காரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்று மூன்று வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என்னைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘அந்த ஆளு’ என்பாராம். (பேர் சொல்லித் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் நெருக்கம் இருந்திருக்கும்.) அப்படிப்பட்டவர் ஒரு கத்திரி வெயில் காலையில் வந்து நின்றார். குடும்பத்தோடு திருப்பதி போகிறார், நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு நாய். வசந்தாவைப் பார்த்தே பேசினார்.

“நிழல்ல கட்டு, தண்ணி வச்சிக்கினே இரு. வெயில்ல மட்டும் இட்டுக்கினு போவாத. முடி ஜாஸ்தி, தாங்காது.”

அவர் போனதும் வசந்தா என்னிடம் திரும்பினாள். இந்த நாய் நல்லபடியாகத் திரும்பிப் போனால் பிறந்த வீட்டுக் கதவு திறக்கும், ஏதாவது ஆனால் ஜென்மத்துக்கும் கிடையாது என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் மார்பைத் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், ஜிம்மியைக் கரைக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்குள் புழுங்குகிறதே, கடல் காற்று வாங்கட்டும் என்ற நல்லெண்ணம். காற்றோ கரையிலிருந்து கடலுக்கு அனலாக அடித்துக்கொண்டிருந்தது. மணலில் ஜிம்மி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. சந்தோஷத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். (செருப்புப் போட்டிருந்தவன் அப்படித்தான் நினைப்பான்.) நூறடி போவதற்குள் நாக்கைத் தொங்கப் போட்டு, எச்சில் ஒழுக, அப்படியே சாய்ந்துவிட்டது.

தூக்கிக்கொண்டு எங்கள் மீன் கொட்டகைக்கு ஓடினேன். அன்று வலையில் பட்ட மீன் எட்டுப் பெட்டியில் வேனில் ஏற்றத் தயாராக இருந்தது. காலியாக இருந்த ஒன்பதாவதில், தொழில் சுத்தமாக, ஐஸைப் பரப்பினேன். நாயைப் படுக்க வைத்தேன். ஈரச் சாக்கைப் போர்த்தினேன். மூடி மட்டும் போடவில்லை. அந்த அளவுக்கு மூளை இருந்தது. இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது கொட்டகை காலி. டிரைவர் பாபு வேனோடு வந்து, இருந்த ஒன்பது பெட்டியையும் மூடி ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பிவிட்டான்.

பக்கத்து வீட்டு டிவிஎஸ் 50-ஐக் கேட்காமலே எடுத்தேன். பாலத்தைத் தாண்டி, பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கல்லறை வாசலில் வேன் நின்றது; பாபு டீ குடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“இன்னா நைனா, யாருனா பூட்டாங்களா?”

வேனில் ஏறிப் பெட்டிகளைத் திறந்தேன். முதலில் மடவை. அடுத்தது நண்டு. அடுத்ததும் நண்டு. கல்லறை வாசலில் செதுக்கியிருந்த இரண்டு எலும்புக்கூடுகளும் என்னையே பார்ப்பது போலிருந்தது. டீக்கடைக் கூட்டம் சுற்றி நின்றது. நான் அழுதுகொண்டே திறந்தேன். ஒன்பதாவது பெட்டியில் பாதி கரைந்த ஐஸ், ஈரச் சாக்கு, கொஞ்சம் வெள்ளை முடி. நாய் ஐஸோடு சேர்ந்து கரைந்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தேன். (சத்தியமாக.)

வழியெல்லாம் தேடிக்கொண்டே, வசந்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வீடு திரும்பினேன். உள்ளே தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு ஜிம்மி படுத்திருந்தது. வசந்தா விசிறிக்கொண்டிருந்தாள். நான் ஐஸுக்குப் போனதும் எங்களைத் தேடிக் கொட்டகைப் பக்கம் வந்தவள், பெட்டிக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்ததைத் தூக்கி வந்திருக்கிறாள். சாதாரணத் தண்ணீரால் காலையும் வயிற்றையும் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் வைத்தியம். ஜிம்மி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே வந்தது.

சாயங்காலம் திருப்பதியிலிருந்து திரும்பி மச்சான் வந்தார். நாயைத் தூக்கியவர் மோந்து பார்த்தார். மீன் நாற்றம். மறைக்கத் தெரியாத வசந்தா மொத்தத்தையும் சொல்லிவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது பெட்டியையும் திறந்து பார்த்தேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி சிரிப்பு. அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் மச்சான்தான். நர்ஸம்மா குழந்தையை என்னிடம் நீட்ட, நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டார்.

“எங்க மாப்ள கையில குடுக்காதம்மா. ஐஸ்ல போட்டு பொன்னேரிக்கு ஏத்தி வுட்டுருவாரு.”

மாப்ள. நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டேன். மகளுக்கு இப்போது கல்லூரி வயது. சொந்தத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் என் கையில் கடைசியாகத்தான் கொடுக்கிறார்கள்.