முரளிதரனுக்கு வாய்த்த எதிரிகள்

"இது அநியாயம்!" என்று முரளிதரன் வாய்விட்டே சொல்லிவிட்டான். மெல்பர்னின் வெரிபீ ரயிலில் எதிரே இருந்த பெண்மணி தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கைப்பேசியில் அவனுடைய கோட்டை இடிந்து கிடந்தது. ஜெயித்த எதிரியின் பொம்மை அவனைப் பார்த்துக் கொட்டாவி வேறு விட்டது. சமபலம் உள்ளவர்களைத்தான் மோதவிடுகிறோம் என்று அந்தக் கார்டு சண்டை விளையாட்டை நடத்துகிறவர்கள் வாய் கூசாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எது சமபலம்? அவன் ஒரு கார்டை யோசித்து இறக்குவதற்குள் எதிரி மூன்றை இறக்கிவிடுகிறான்.

இதில் சதி இருக்கிறது என்பது முரளிதரனின் கட்சி. ஜெயித்தால் ரேங்க் ஏறும், தோற்றால் இறங்கும். அவன் காலை ரயிலில் ஒழுங்காகத் தோற்றுவிட்டுத்தான் ஆபீஸ் போகிறான். சாயங்கால ரயிலில் திறந்து பார்த்தால் ரேங்க் ஏறியிருக்கிறது! வாங்காத டிராகன் கார்டுகள்கூட வந்து உட்கார்ந்திருக்கின்றன. தூண்டிலில் புழு மாட்டுகிறார்கள். பெரிய ஆட்களிடம் அடி வாங்க வைத்து, பிறகு காசு கொடுத்துக் கார்டு வாங்க வைக்கிற பகல் கொள்ளை.

இந்தக் கொள்ளையில் அவன் மானம் போகிற நிலைமை. சனிக்கிழமை ஆபீஸின் சிட்னி கிளையோடு இதே விளையாட்டில் போட்டி. மெல்பர்ன் அணிக்குக் கூட வேலை பார்க்கும் கஜீவன் தலைவன். பயிற்சி ஆட்டத்தில் முரளிதரன் விளையாடியதைப் பார்த்துவிட்டு அவன் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணை, உங்கட ரேங்க்கைப் பாத்துத்தான் எடுத்தனான். இப்பிடியே விளையாடினா அணியில வைச்சிருக்கேலாது."

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் முரளிதரன் அந்தக் கம்பெனியைக் கிழி கிழியென்று கிழித்தான். மனைவி ஹரிப்பிரியா சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே "ம்" கொட்டினாள். அவளுடைய அப்பா பார்த்தசாரதி தலை நிமிராமல் சாப்பிட்டார். கும்பகோணத்திலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. மாப்பிள்ளையோடு நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மோர் வேண்டுமென்றாலும் மகள் மூலமாகத்தான். முரளிதரன் பெரிய திரையில் விளையாட ஆசைப்பட்டு வாங்கிய டேப்லட்டைக்கூட, அப்பா சீரியல் பார்க்கட்டும் என்று ஹரிப்பிரியா முதல் நாளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவனை யார் கேட்டார்கள்?

மறுநாள் அவன் வேண்டுமென்றே தோற்றான். ரேங்க் பாதாளத்துக்குப் போனால் நோஞ்சான் எதிரிகள் கிடைப்பார்கள், நாலு ஆட்டம் ஜெயித்துக் காட்டலாம் என்று கணக்கு. சாயங்காலம் பார்த்தால் ரேங்க் பழைய இடத்தையும் தாண்டி மேலே நின்றது. முதல் எதிரியே ஒரு நிமிஷத்தில் கதையை முடித்தான். கொட்டாவி உண்டு.

வயிறு எரிய முரளிதரன் கம்பெனிக்கு நீளமாக ஒரு புகார் தட்டினான். பதிலாக ஒரே ஒரு வரி வந்தது: பாதுகாப்புக்காக உங்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளவும். திமிரைப் பாருங்கள்! ஆனாலும் மாற்றினான்.

மாற்றியபின் ரேங்க் ஏறவே இல்லை. இரண்டே நாளில் சறுக்கிச் சறுக்கி அடிமட்டத்துக்கு வந்தது. அங்கே ஆசைப்பட்டபடி நோஞ்சான் எதிரிகள் கிடைத்தார்கள். அவர்களிடமும் தோற்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கஜீவன் அவன் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அங்கேயும் முகங்கள் சரியில்லை. அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றாள் ஹரிப்பிரியா. சொல்லி முடிப்பதற்குள் பார்த்தசாரதியே டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். மகளைத் தாண்டி மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றார். முரளிதரன் தன்னையறியாமல் எழுந்துவிட்டான்.

டேப்லட்டை அவனிடம் நீட்டினார். "மாப்பிள்ளை, அந்தக் கம்பெனிக்கு எழுதறப்போ என் புகாரையும் சேர்த்து எழுதுங்கோ. பகல் பூரா உக்காந்து நான் ஜெயிச்சு ஜெயிச்சு மேல ஏத்தறேன், காலையிலயும் சாயங்காலமும் எவனோ ஒரு தத்தி உள்ள பூந்து அத்தனையும் தோத்துட்டுப் போறான், இப்ப பாஸ்வேர்டையும் மாத்திட்டான்."