திம்மு கரடி ஏன் பந்தியிலிருந்து எழுந்து போனது?

சத்துவாச்சாரி, வேலூர்
தை 23, வெள்ளிக்கிழமை

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய ஆற்காடு சம்பந்தி திரு. வேலு அவர்களுக்கு,

சத்துவாச்சாரி கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி சௌந்தரம், மகள் பூர்ணிமா மூவரும் உடம்பளவில் சுகம். அங்கு தாங்களும் அமிர்தவள்ளி அம்மாளும் மாப்பிள்ளை ஹேமந்தும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். நம்பித்தான் ஆக வேண்டும். காணும் பொங்கலன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து பாதியில் எழுந்து போனீர்களே, அன்றிலிருந்து இருபது நாளாக உங்கள் வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை.

சம்பந்தி என்று எழுதுவதற்கு முன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். பங்குனியில் கல்யாணம் என்று பேசினோம். அச்சாபீஸில் பத்திரிகை பாதியில் நிற்கிறது, அச்சாபீஸ்காரன் என்னை ரோட்டில் பார்த்தால் 'இன்னா சார், பொண்ணு பேர மட்டும் அடிச்சி வெச்சிடட்டுமா?' என்று கேட்கிறான். பூர்ணிமாவும் ஹேமந்தும் பேசிக்கொள்வதில்லை. இவ்வளவும் ஒரு கரடியால் வந்த வினை. அதனால் யார் மேலே தப்பு என்பதை வரிசையாக எழுதிவிடுகிறேன். ஆம்பூர் ஷூ பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் பைனல் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். எதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்ததே 'திம்மு ரசிகர்கள்' என்கிற வாட்ஸப் குழுவில்தான் என்பது தாங்கள் அறிந்ததே. இருபத்தாறு வயசுப் பெண் டி.வி.யில் கரடி பொம்மைப் படம் பார்க்கிறாளே என்று முதலில் திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தே திட்டினேன். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து திட்டியதில் எனக்கும் அந்தக் கரடியைப் பிடித்துப் போய்விட்டது. எப்பேர்ப்பட்ட கரடி! நாலு வருஷமாகக் காட்டில் யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகும், பாகற்காயை வைத்தாலும் 'பேஷ்' என்று சாப்பிடும், கிளம்பும்போது வாசலில் மேயும் கோழிக்குஞ்சு வரைக்கும் 'வர்றேன், வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போகும். அந்தத் திம்மு இந்தப் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் செய்தது என்ன? தோழன் அணில் புது வீடு கட்டுகிறது. 'விசேஷத்துக்கு வெறுங்காலோட வராதே' என்று அணிலே ஒரு ஜோடி புது ஷூ கொடுக்கிறது. திம்மு அதைப் போட்டுக்கொண்டு வந்து பந்தியில் கடைசி வரிசையில் உட்காருகிறது. பாயசம் வருகிற நேரத்தில் விருட்டென்று எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறது. அணில் கையில் கரண்டியோடு நிற்கிறது. அத்தோடு படம் முடிந்தது!

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. பால் பூத்தில் அதே, ரேஷன் கடையில் அதே. ஆம்பூரில் நான் வேலை பார்த்த பேக்டரி கேண்டீனில், 'பேர் வந்ததும் கரடிக்குத் திமிர் வந்துடுச்சி' என்று கட்டிங் செக்ஷன் ஆண்கள் ஒரு கட்சி, 'கடைசி வரிசையில உக்கார வெச்சா யாருக்குத்தான் ரோஷம் வராது?' என்று தையல் செக்ஷன் பெண்கள் ஒரு கட்சி, சாம்பார் வாளி கூட இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போகவில்லையாம். வாட்ஸப் குழு இரண்டாக உடைந்து 'உண்மையான திம்மு ரசிகர்கள்' என்று இன்னொன்று முளைத்தது. எங்கள் வீட்டிலேயே சௌந்தரம், 'பாயசத்துல முந்திரி கம்மி, அது எட்டிப் பார்த்துட்டுதான் எழுந்துச்சி' என்கிறாள். இரண்டு கட்சியும் தப்பு, சௌந்தரமும் தப்பு. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் என் தோஸ்த் மஹபூப் பாஷா வந்திருந்தார். என்னோடு அதே பேக்டரியில் இருந்தவர். மறுநாள் தாங்கள் வருவதாக இருந்ததால், தங்களுக்கு ஒரு ஜோடி, மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்று கொடுக்க ஒரு ஜோடி என்று வாங்கி வைத்திருந்த கறுப்பு ஷூக்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, இடது காலெல்லாம் ஒரு வரிசை, வலது காலெல்லாம் ஒரு வரிசை என்று மேஜையில் பரப்பித் தையல், ஒட்டு, பாலிஷ் எல்லாம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆனாலும் கை சும்மா இருக்காது சம்பந்தி. அந்தப் பக்கம் போனில் திம்மு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் நிறுத்தினேன் பாருங்கள், உடம்பு சிலிர்த்துவிட்டது. திம்முவின் இடது ஷூ வலது ஷூவை விடச் சின்னது! பதினொரு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது காலைக் கீழே ஊன்றும் ஒவ்வொரு தடவையும் அதன் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்கிறது. 'பாஷா பாய், ஷூ கடிக்குதுய்யா கரடிக்கு! அணில் ஆசையா குடுத்தது, கழட்டினா அது மனசு கஷ்டப்படுமேன்னு வாயைத் திறக்காம எழுந்து போவுது' என்றேன். 'கோதண்டம், பேஜார் பண்ணாதப்பா. படம் வரையறவன் ஒரு காலைச் சின்னதா போட்டுட்டான், அவ்ளோதான்' என்றார் அவர். விடுவேனா? பேச்சோடு பேச்சாக ஷூக்களை எடுத்து ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அவர் டீயைக்கூட முடிக்காமல் 'சரி, உன் கரடி, உன் ஷூ' என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் தாங்கள் மூவரும் மக்கன் பேடா பெட்டியோடு வந்தீர்கள். எவ்வளவு சந்தோஷமாகத் தொடங்கியது! சம்பந்திக்கு வேட்டி துண்டோடு ஒரு ஜோடி ஷூவும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதாவது தங்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 'உங்க காலைப் பார்த்ததுமே எட்டாம் நம்பர்னு சொல்லிட்டேன் பாருங்க' என்று நானே குனிந்து போட்டுவிட்டேன். ஹாலில் பத்தடி நடக்கச் சொன்னேன். நடந்தீர்கள். 'எப்படி இருக்குது?' என்றேன். 'மெத்துனு இருக்குதுங்க சம்பந்தி' என்றீர்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே உழைத்த கால், அதற்கு ஒரு நல்ல ஷூ போட்ட திருப்தி எனக்கு. 'கழட்டிடட்டுமா?' என்று கேட்டீர்கள். 'கூடவே கூடாது, மூணு மணி நேரம் போட்டாத்தான் தோல் காலுக்குப் படியும்' என்று சொல்லி, வாசலில் போட்டோ, மாடியில் போட்டோ, எதிர்வீட்டுப் புது மனையைச் சுற்றி ஒரு நடை, எல்லாம் முடித்துத்தான் மேஜைக்குக் கூட்டி வந்தேன். உபசாரத்தில் ஏதாவது குறை உண்டா? தங்கள் மனசாட்சியே சொல்லட்டும்.

சாப்பாட்டில் திம்மு பேச்சு வந்தது. வராமல் இருக்குமா? பூர்ணிமா, 'எந்தக் காரணமா இருந்தாலும் சொல்லிட்டுப் போயிருக்கணும். மனசுல வெச்சிக்கிட்டு எழுந்து போறவங்கள நம்பி எப்படிக் கூட இருக்கறது?' என்றாள். ஹேமந்த் சிரித்துக்கொண்டே 'காரணம் இல்லாமயா போவும்?' என்றார். தாங்கள் மட்டும் மெல்லிய குரலில், 'பாவம், அதுக்கு இன்னா கஷ்டமோ' என்றீர்கள். ஆகா, நம் கட்சிக்கு ஒரு ஆள் என்று நான் குளிர்ந்துபோய், இறுக்கமான ஷூ என்ன பண்ணும், முதலில் சுண்டு விரலில் எப்படித் தொடங்கும், அப்புறம் குதிகாலை எப்படி அறுக்கும், மனுஷனுக்குக் கண்ணில் எப்படித் தண்ணீர் வரும் என்று கூட்டில் தொடங்கி ரசம் வரைக்கும் தங்களிடமே விளக்கினேன். தங்கள் கண் கூடக் கலங்கியது. எவ்வளவு இளகின மனசு என்று நினைத்தேன். பாயசம் கொண்டு வரச் சௌந்தரம் உள்ளே போனாள். தாங்கள் விருட்டென்று எழுந்தீர்கள். கையைக் கழுவினீர்கள். கும்பிட்டீர்கள். ஆட்டோ ஏறிப் போயே போய்விட்டீர்கள்! அமிர்தவள்ளி அம்மாள் பின்னாலேயே ஓடினார். சௌந்தரம் கையில் கரண்டியோடு நின்றாள். தங்கள் பழைய செருப்பு எங்கள் வாசலிலேயே கிடக்கிறது.

மாப்பிள்ளையும் கிளம்பிப் போய், ஆற்காட்டிலிருந்து அன்று மாலை போன் பண்ணினார். 'உங்கப்பா ஏன் அப்படிப் போனாரு?' என்று பூர்ணிமா கேட்டிருக்கிறாள். 'காரணம் இருக்குது. சொல்ல முடியாது' என்றாராம். 'நாளைக்கு நீயும் இப்படித்தான் எழுந்து போவியா?' என்றாளாம். 'சொல்ல முடியாதுன்னா விடேன்' என்றாராம். அவ்வளவுதான், அன்றோடு பேச்சு நின்றது. பெண் வெளியே வீறாப்பாக இருக்கிறாள், ஆனால் திம்மு பாட்டு டி.வி.யில் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். தாங்கள் கொண்டு வந்த பேடாவைத் தொடவில்லை. நான் தொட்டேன். எட்டு.

பெண்ணைப் பெற்றவன், மனசு தாளாமல் கேட்கிறேன் சம்பந்தி. நான் என்ன தப்பாகப் பேசினேன்? வடை ஊசிப்போச்சா? நாற்காலி ஆடிச்சா? எங்க வீட்டு மனுஷங்க பிடிக்கலையா? திம்மு எழுந்து போனதுக்காக ஊர் பூரா நான் சண்டை போட்டிருக்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கரடிக்கு ஷூ கடித்தது. உங்களுக்கு என்ன கடித்தது? அந்த வாயில்லாப் பிராணிக்குச் சொல்லத் தெரியவில்லை, தங்களுக்கு வாய் இருக்கிறதே? தாங்கள் அமிர்தவள்ளி அம்மாளோடு வந்து, விட்ட இடத்திலிருந்து பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டு, சௌந்தரத்திடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் பத்திரிகை மறுபடி அச்சேறும். இல்லாவிட்டால் நானும் ரோஷக்காரன்தான் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் செருப்பை மட்டும் இத்துடன் அனுப்பி வைக்கிறேன்.

என்ன இருந்தாலும் தங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு, இன்னும் மாப்பிள்ளையாக இருந்தால், எங்கள் ஆசிகள். அமிர்தவள்ளி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
மனசு நொந்த
சி. கோதண்டபாணி
(முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஜோடி கூட மாறிப் போகவிடாதவன்)

பி.கு.: சம்பந்தி, மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். தங்கள் செருப்பை அனுப்ப ஒரு நல்ல பெட்டி வேண்டுமே என்று மாப்பிள்ளைக்கு வைத்திருந்த ஷூ பெட்டியைத் திறந்தேன். மாப்பிள்ளைக்கு ஏழாம் நம்பர். உள்ளே வலது கால் ஏழு, இடது கால் எட்டு. கண்ணாடியைத் துடைத்து மூன்று தடவை பார்த்தேன். சௌந்தரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியென்றால் தங்கள் எட்டாம் நம்பர் இடது காலில் அன்று முழுக்க ஏழாம் நம்பர். தங்களுக்கு என்ன கடித்தது என்று தெரிந்துவிட்டது.

பூர்ணிமா இருபது நாள் கழித்து ஹேமந்துக்கு 'ஷூ மாறிடுச்சி' என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். 'பார்த்துட்டாரா மாமா?' என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். 'அப்பா எங்க கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. முப்பத்தொரு வருஷம் ஜோடி பார்த்த மனுஷன், தெரிஞ்சா உடைஞ்சி போய்டுவாரு, யாரும் மூச்சு விடக்கூடாதுன்னாரு. எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, அதனாலதான் போனையே எடுக்க விடல. குதிகால் புண்ணு இப்பதான் ஆறுது' என்றார். பூர்ணிமா அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், 'எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல, கரடி' என்று திட்டினாள். இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேடா முழுக்க அவள் கையில்.

டி.வி.யில் கரடியின் காலைப் பதினொரு இடத்தில் நிறுத்திப் பார்த்தவன், எதிரே உட்கார்ந்திருந்த தங்கள் காலை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை. அதுவும், எங்கே எப்படிக் கடிக்கும் என்று தங்களுக்கே பாடம் வேறு நடத்தியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது சம்பந்தி. மன்னித்துவிடுங்கள். கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறியில் போட்டிருப்பதையும் அடித்துவிடுங்கள். இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் சௌந்தரமும் பூர்ணிமாவும், எட்டாம் நம்பர் இடது காலும், ஒரு தூக்குப் பாயசமும் ஆற்காடு வருகிறோம். முந்திரி நிறையப் போடச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் வெறுங்காலோடு உட்காருங்கள்.