அலறுவது என் பிள்ளைதான்

மதிப்பிற்குரிய, கூடிய சீக்கிரம் சம்பந்தியாகப்போகிற ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். தாங்களும் தங்கள் மனைவியாரும் மகளும் நலமாக இருக்க விழைகிறேன். தங்கள் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, கத்துறார்னா சொல்றது? அதுவும் காப்பியடிச்ச கொரியப் படத்துக்கு!" என்று கேட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போனீர்கள். எடை அளவு சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போலி எது, அசல் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் படம் போலிதான், ஒத்துக்கொள்கிறேன். பேர்பெற்ற சண்டைப் படங்களில் பார்த்த அதே கதை: குருவைக் கொன்றவனைச் சீடன் பழிவாங்குகிறான். கதாநாயகன் அந்தப் படங்களில் வரும் பெரிய நடிகர் மாதிரியே இருக்கிறார், முதுகைக் காட்டி நிற்கும்வரைதான். அதனால் பாதிப் படம் முதுகுதான். குருவின் தாடி ஒரு உதையில் காதுப்பக்கம் போய், அடுத்த உதையில் திரும்பி வருகிறது. சுவரோ கை படுவதற்கு முன்பே விழுந்துவிடுகிறது, அதற்கு என்ன அவசரமோ. செத்தவர்களே மீசை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி சாகிறார்கள். உருப்படியாக நடித்தது மூலையில் கட்டியிருந்த குதிரை ஒன்றுதான். என்ன கம்பீரமான கனைப்பு!

ஆனால் ஐயா, அந்தச் சாவு! தமிழில் குரல் கொடுத்தது என் பிள்ளையாச்சே! அடியாள் மாடியிலிருந்து விழும்போது ஒரு அலறல் வந்தது பாருங்க, என் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்து, "என்னங்க, பையனுக்கு என்னாச்சு?" என்று பதறிவிட்டாள். பெத்தவளுக்குத் தெரியாதா? சின்ன வயசில் பல் பிடுங்கியபோது போட்ட அதே சத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாங்கள் யாரையோ அடிக்கிறோம் என்று கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவரையும் உட்காரவைத்து, "இந்தச் சாவும் நம்ம பையன், அந்தச் சாவும் நம்ம பையன்" என்று காட்டினேன்.

படம் போலியா இருந்தா என்னங்க, என் பிள்ளையோட அலறல் அசல். கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. ரெண்டு பேரும் ஆசையா இருக்காங்க.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு. தங்கள் மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பையன் வாங்கிப் படித்துவிட்டான். "அப்பா, அலறல் எல்லாம் கொரியாக்காரங்களோடது, அப்படியே விட்டுட்டாங்க. குதிரைதான் அங்க வாயே திறக்கல. அதுக்குத்தான் நான் கனைச்சேன்" என்கிறான். தங்கள் மகளுக்கு இது முன்பே தெரியுமாம். கனைக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் சம்மதமே சொன்னாளாம். ஐயா, தயவுசெய்து மேலே குதிரையைப் பற்றி நான் எழுதியதை மறுபடி ஒரு தடவை படியுங்கள்.