இளநீர் மேடம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே இளநீரோடு சண்டை போட்ட ஒரே பிறவி எங்கள் இளநீர் மேடம்தான். அடித்துச் சொல்வேன்.

நான் டயாலிசிஸ் கேஸ். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைத் துவைத்து அனுப்புகிறார்கள். அங்கே டயட்டீஷியன் நாற்காலி சூடாவதற்குள் ஆள் மாறிவிடும். ஒவ்வொருவரிடமும் என் கிட்னிக் கதையை முதலிலிருந்து ஒப்பிப்பேன். அவர் வாயைத் திறக்கும்போது, ரிசப்ஷனில் போன் எடுக்க ஆளில்லை என்று கூட்டிப் போய்விடுவார்கள். படித்து வந்தவர்களைப் போன் எடுக்கவும் புரோட்டீன் பவுடர் விற்கவும் விட்டால் யார் இருப்பார்கள்? கேட்டால், இந்தக் காலத்துப் பெண்கள் நிலைப்பதில்லை என்று மேனேஜர் அலுத்துக்கொள்கிறார். வயிறு எரிகிறது.

அப்படி ஆளில்லாத ஒரு சமயம், பக்கத்துக் கட்டில் ரோலிங் மில் தொழிலாளிக்கு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று அவர் மச்சான் இளநீர் வாங்கிக் கொடுத்தான். கிட்னி போனவனுக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திவிடும். மனுஷன் ஐசியு வரை போய்ப் பிழைத்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர்தான் மேடம். விஷயம் தெரிந்ததும் நேராக வாசலுக்குப் போய், இளநீர் வண்டிக்கார நைனாவின் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"கிட்னி பேஷன்டுக்கு வெட்டுவியா நீ?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? நெத்தில எய்தியா கீது?"

"கேளு. வெட்றதுக்கு முன்ன கேளு."

அரிவாளோடு நின்றவரைப் பார்த்து செக்யூரிட்டி விசிலே ஊதிவிட்டார்.

அதன்பிறகு தினமும் வாசலில் ரெய்டுதான். என் சாப்பாட்டு டப்பாவையும் மோந்து பார்ப்பார். ரசத்தில் தக்காளி அதிகம் என்று என் மனைவியை அழவே வைத்தார். பவுடர் விற்கச் சொன்ன மேனேஜரை முதலில் குடித்துக் காட்டச் சொன்னாராம். ரிசப்ஷன் போன் அடித்தால் ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வார்டுக்கு வந்துவிடுவார். அப்புறம் என்ன, ஒரு நாள் நாற்காலி காலி.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நல்லவரை விரட்டிய ஆஸ்பத்திரியில் பத்தியம் ஒரு கேடா என்று வெளியே வந்து, நைனாவிடம் ஓர் இளநீர் வெட்டச் சொன்னேன்.

"கிட்னியா சார்?"

மேடம்தான் போய்விட்டாரே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"அதான் நான் கேக்குறேன்ல. ஊட்டுக்குப் போ சார்."

நாக்கு வறண்டபடியே பஸ் ஏறினேன். மேடம் எந்த ஊரில் இருக்கிறாரோ, அங்கேயாவது அவரைப் போன் எடுக்கச் சொல்லாமல் இருக்கட்டும்.