பாறைக்குக் கட்டை வைத்த ஞாயிற்றுக்கிழமை

அதிகம் பேசாதவனுக்கு விஷயம் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் நான் பல வருஷம் பிழைத்தேன். ஒரே ஒரு நாள் அது என்னை மகாபலிபுரம் வரை கூட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்தது.

1991. பொங்கல் முடிந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் கலாசி. கனமான மிஷினை லாரியிலிருந்து இறக்கி, உருட்டிப் போய், அதன் இடத்தில் உட்கார வைக்கிற வேலை. எட்டாவது வரை படித்திருந்தேன். (பாஸா என்று கேட்காதீர்கள். படித்தேன்.)

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. உருளக்கூடியது எதுவானாலும் முதலில் கட்டை வை. அப்புறம் பக்கத்தில் நில். பீடி பற்றவைப்பதுகூட அதற்கு அப்புறம்தான். எங்கள் செட்டில் துரைசாமிக்கு இடது காலில் இரண்டு விரல்தான். ஒரே ஒரு தடவை கட்டை வைக்காமல் நின்றான்.

ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய பிரஸ் மிஷின் வந்தது. அதைப் பூட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கிரேன் இறங்கும்போதெல்லாம் "ஸ்லோ, ஸ்லோ" என்பார். அதனால் ஸ்லோ சார்.

ஸ்லோ சாருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது. எனக்கும் வராது. அப், டவுன், ஹோல்டு, ஸ்டாப், ஓகே, நோ குட், ஃபினிஷ். மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். இரண்டு மாதம் அதிலேயே வேலை செய்தோம். ஒரு சண்டை இல்லை.

இதை மேனேஜர் கண்ணாடி ரூமிலிருந்து பார்த்திருக்கிறார். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது. நாங்கள் பேசுவது மட்டும் தெரியும். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, நாளைக்கு சாரை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போகணும். ஒரு கைடு சொல்லி வச்சிருந்தேன். அவனுக்கு அம்மை போட்டிருச்சு. நீ போ."

"நானா சார்?"

"உனக்குத்தான் அவர் பேசுறது நல்லாப் புரியுதே. ஊரு தெரியுமில்ல?"

மகாபலிபுரத்தை நான் காலண்டரில் பார்த்திருந்தேன். மார்ச் மாதத்துப் படம். அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார்.

"அவரு சந்தோஷமாத் திரும்பி வந்தாருன்னா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரை நானே எழுதுறேன்."

"தெரியும் சார்" என்றேன்.

பர்மனென்ட் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத்தில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் தனம். அவள் அப்பா ரைஸ் மில்லில் மேஸ்திரி. அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. என் வேலையைப் பிடிக்கவில்லை. "காண்ட்ராக்ட்ல கீறவனுக்குப் பொண்ணு தர்றதும் பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வர்றதும் ஒண்ணுப்பா. பர்மனென்ட் ஆவு. லெட்டரக் கொண்டா. அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்" என்றார். சித்திரை வரை பார்ப்பார். அதற்கு மேல் வேறு இடம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதலாளியின் அம்பாசடர். டிரைவர் மாணிக்கம் அண்ணன். அந்தக் காருக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. (இருந்தது. பிடிக்காது.) நிறுத்தினால் பின் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை கொடுப்பார். கட்டை எப்போதும் அவர் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

ஒரகடம் தாண்டியதும் அண்ணன் ஆரம்பித்தார்.

"இன்னாப்பா, கைடுன்றாங்க. ஒண்ணும் பேசாம வர்ற?"

"ஊரு வரட்டும்ணே."

"ஏரி கீது, ஆடு கீது. எதனா காட்டிக்கினு வாயேன். பாவம், அவரு பாட்டுக்கு ரோட்டப் பாத்துக்கினு வர்றாரு."

நான் ஏரியைக் காட்டினேன். "வாட்டர்" என்றேன். ஸ்லோ சார் பார்த்தார். "ஓகே" என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மகாபலிபுரத்தில் முதலில் ஐந்து ரதம். கல்லில் செதுக்கிய ஐந்து தேர். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கைடு அப்படி நிற்கக்கூடாது என்பது அப்போது தோன்றவில்லை. ஸ்லோ சார் ஒவ்வொன்றையும் சுற்றி வந்தார். ஓரத்தில் கை வைத்து மட்டம் பார்த்தார்.

"ஹூ?" என்றார்.

"கிங்."

ஒரு தேரில் கீழ்ப்பக்கம் கொத்தாமல் மொட்டையாக விட்டிருந்தது. அதைத் தொட்டார்.

"நோ ஃபினிஷ்?"

"நோ ஃபினிஷ்."

"வொய்?"

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். "காண்ட்ராக்ட்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். இருவரும் அந்த வேலைக்காரர்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டோம். பர்மனென்ட் எனக்குத்தான் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு வந்தோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சரிவான ஒரு பாறை. அதன் மேல் ஒரு உருண்டைப் பாறை, எங்கள் கம்பெனி கேன்டீன் அளவு. சரிவில் பாதியில் நிற்கிறது. கீழே தாங்க ஒன்றும் இல்லை.

என் கண் கட்டையைத் தேடியது.

அதன் நிழலில் ஜனங்கள் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். ஒரு குழந்தை படுத்திருந்தது. ஸ்லோ சாரும் போய் நேர் கீழே உட்கார்ந்து, கேன்டீனில் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"சார், ஸ்டாப். அவுட்" என்றேன்.

"நோ, நோ. குட்" என்று பக்கத்தில் இடம் காட்டினார்.

முப்பது வார்த்தையில் அதற்கு மேல் சொல்ல வழியில்லை. இவர் நசுங்கினால் பர்மனென்ட் போச்சு. (மனுஷன் போவது இரண்டாவதாகத்தான் தோன்றியது. மறைக்கவில்லை.) ஓடினேன். கார் ரோட்டோரத்தில் நின்றது. மாணிக்கம் அண்ணன் டீக்கடையில் இருந்தார். பின் சக்கரத்துக் கட்டையை உருவினேன். கார் உடனே அசையவில்லை. கியரில் விட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் கட்டை இருக்கிற தைரியத்தில் கியர் போடவில்லை. ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்பினோம்.

சரிவில் ஏறிப் பாறைக்குக் கீழ்ப்பக்கமாகப் போனேன். கட்டையைச் சொருகினேன். கட்டை ஒரு அம்மிக்குழவி அளவு. பாறையைப் பற்றித்தான் சொல்லிவிட்டேனே. ஆனாலும் மனசு நிம்மதியானது.

ஸ்லோ சார் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். "நோ குட்" என்றார். கட்டையை உருவித் திருப்பிப் போட்டார். பூட்ஸ் காலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினார்.

"ஓகே" என்றார்.

அப்போதுதான் அந்த இடத்துக் காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"யோவ்! இன்னாய்யா பண்றீங்க ரெண்டு பேரும் அங்க?"

"கட்டை வைக்கிறோம்."

"எதுக்கு?"

"உருண்டுடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆயிரம் வருசத்துக்கு மேல நிக்குதுய்யா. யானையக் கட்டி இழுத்துப் பாத்தாங்களாம், நவுரல. நீ அரையடி கட்டை வச்சாத்தான் நிக்குமா?"

"யானை எந்தப் பக்கம் இழுத்துது?"

"அது எனக்கு இன்னாய்யா தெரியும்?"

"கீழ்ப்பக்கம் இழுத்துப் பாக்கணும்."

கூட்டம் கூடிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். என் பேச்சை அன்று மதித்தது அவள் ஒருத்திதான்.

காவல்காரர் என் சட்டையைப் பிடித்தார். ஸ்லோ சார் காவல்காரரின் கையைப் பிடித்து "ஸ்லோ, ஸ்லோ" என்றார். அந்த நேரத்தில் ரோட்டில் மாணிக்கம் அண்ணன் குரல் கேட்டது.

"ஐயோ, வண்டி! வண்டி போவுதுடா!"

எல்லோரும் திரும்பினோம். முதலாளியின் அம்பாசடர், ஆள் இல்லாமல், பின்பக்கமாக, ரொம்ப மரியாதையாக ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கையில் டீ கிளாஸோடு கூடவே ஓடினார். கார் ஒரு சிப்பிக் கடைக்குள் நுழைந்து நின்றது. மூங்கில் முறிந்தது. கீற்றுக் கூரை காரின் மேல் உட்கார்ந்தது. அப்புறம் சங்கும் சிப்பியும் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம், மழை விட்ட பிறகு சொட்டுவது மாதிரி, ரொம்ப நேரம் கேட்டது.

கடைக்காரம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எங்களை வேடிக்கை பார்க்க வந்தவர். அதனால் பிழைத்தார்.

"அடப்பாவி!" என்றார். "கல்லு உருளும்னியேடா! கல்லு அப்படியே கீது. என் கடையில்ல போச்சு!"

நியாயம் அவர் பக்கம் இருந்தது.

ஸ்லோ சார் இறங்கிப் போய்க் கடையைச் சுற்றி வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார். என்னைப் பார்த்தார். "அப்?" என்றார்.

"அப்" என்றேன்.

வேலையை ஆரம்பித்தோம். கூரையை மூங்கிலால் நெம்பித் தூக்கினோம். காரை வெளியே தள்ளினோம். கட்டை கொடுத்தோம். (காவல்காரரே கொண்டுவந்து கொடுத்தார்.) முறிந்த மூங்கில் காலுக்கு வேறு கால் நட்டோம். கயிறு இழுத்துக் கட்டினோம். கடைக்காரம்மா திட்டிக்கொண்டே உடையாத சங்குகளைப் பொறுக்கி அடுக்கினார். ஒரு மணி நேரத்தில் திட்டு குறைந்தது. அப்புறம், "அந்தப் பக்கம் எப்பவுமே சாயுது, அதையும் பாத்துடுங்க" என்றார். ஸ்லோ சார் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்தினார். தூக்குக்குண்டு என்பது நூலில் கட்டிய ஒரு சங்கு.

முடித்தபோது மணி நாலு. காவல்காரர் எங்களைத் தொல்பொருள் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு அதிகாரி, கண்ணாடி போட்டவர், நல்ல மனிதர். கார்பன் வைத்து இரண்டு காகிதம் கொடுத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு, ஒன்று எங்களுக்கு, ஒன்று உங்கள் கம்பெனிக்கு என்றார். எழுதினேன்.

"ஐயா, நான் பாறைக்குக் கட்டை வைத்தது உண்மை. பாறை உருளும் போல் தெரிந்தது. கட்டை எடுத்த கார் உருண்டது. பாறை உருளவில்லை. கார் உருளும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனிமேல் பாறைக்குக் கட்டை வைக்க மாட்டேன். இப்படிக்கு, ஏழுமலை."

அவர் இரண்டு தடவை படித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது. திரும்பி வந்து முத்திரை குத்தினார்.

கடற்கரைக் கோயிலைப் பார்க்க நேரம் இல்லை. கார் திரும்பும்போது தூரத்தில் உச்சி தெரிந்தது.

"தட்?" என்றார் ஸ்லோ சார்.

"டெம்பிள்."

"ஓல்டு?"

"ஓல்டு."

"குட்" என்று கண்ணை மூடித் தூங்கிவிட்டார். நான் சுற்றிக் காட்டியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மேனேஜர் காகிதத்தைப் படித்தார். வெளியே போய் முதலாளியின் காரைப் பார்த்தார். திரும்ப வந்து ஸ்லோ சாரைக் கேட்டார், எப்படி இருந்தது என்று. ஸ்லோ சார் முகம் மலர்ந்தது. "வெரி குட் ஷாப்" என்றார்.

மேனேஜர் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அவரு சந்தோஷமாத்தான் இருக்காரு, ஏழுமலை. முதலாளி சந்தோஷமா இல்ல. லிஸ்ட்ல உன் பேரு வராது. இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அடுத்த ஞாயிறு வாலாஜாபாத் போனேன். மேஸ்திரிக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். அது சரியில்லை என்று பட்டது. அவர் வீட்டில் ஒரு பெஞ்சு. உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"லெட்டரு கொண்டாந்தியாப்பா?"

"அது வரல. இனிமேலும் வராது. ஏன் வரலன்னு இதுல கீது."

காகிதத்தை நீட்டினேன். அவருக்குப் படிக்க வராது. முத்திரையைத் தடவிப் பார்த்தார். "தனம், இத்த கொஞ்சம் படி" என்றார்.

அவள் உள்ளேயிருந்து வந்து வாங்கினாள். அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "பாறை உருளவில்லை" வரை வந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. காகிதத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தாள். கடைசி வரியில் மறுபடி நின்றுவிட்டாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை.

"இதுல எதனா பொய் கீதா?"

"இல்ல."

"உனுக்கு முன்னாடி ரெண்டு பேரு பர்மனென்ட்னு சொல்லிக்கினு வந்தானுங்க. ஒருத்தன் லெட்டரே காட்னான். விசாரிச்சா ரெண்டும் டூப்பு." பெஞ்சில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "பர்மனென்ட் போனதுக்கான காயிதத்த யாருனா பொண்ணு வூட்டுக்கு எட்துனு வருவானாய்யா?"

"காயிதத்தக் குடுத்துடுங்க, கெளம்பறேன்" என்றேன்.

மேஸ்திரி மகளைப் பார்த்தார். அவள் அதை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். தரவில்லை. உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரையில் கல்யாணம். பர்மனென்ட் ஆக மேலும் நாலு வருஷம் ஆனது, வேறு கம்பெனியில்.

காகிதம் அவளிடமே இருக்கிறது. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். நான் ஏதாவது விஷயத்தில் எனக்குத்தான் தெரியும் என்று நின்றால் எடுத்து வருவாள். படிக்க மாட்டாள். காட்டுவாள். போன வருஷம் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளைக்கு மாமனாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று தனத்திடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் கைப்பையைத் திறந்தாள்.

நான் பந்தியில் இலை போடப் போய்விட்டேன்.