மம்சாபுரத்தில் கரகரத்த ரிக்கார்டு

இராஜபாளையம்,
3.8.1997

தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்துவரும் மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை ஞானதுரை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் பரிபூரணத்தின் புருஷன், மைக் செட் சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் அக்காள், மகள் ஆவுடை ஆகிய மூவரும், தாங்கள் பதினாலு வருஷமாக ஒரு கார்டு போட்டுக்கூட விசாரிக்காத நிலையிலும், எப்படியோ நலமாகவே இருக்கிறோம். அங்கு தங்கள் நலமும், தங்கள் சம்சாரத்தின் நலமும், துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களின் நலமும் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவுடைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் அமைந்து, ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பையன் கிருஷ்ணன்கோவில் காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். சிகரெட் கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தாய்மாமன் வந்து மாலை போடாமல் பிள்ளையை மணவறைக்கு அனுப்ப மாட்டேன் என்று தங்கள் அக்காள் அடுப்படியில் நின்று சொல்லிவிட்டாள். பரிபூரணம் அடுப்படியில் நின்று ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே வரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. 1983இல் தாங்கள் என் கையில் கொடுத்தீர்களே ஒரு ரிக்கார்டு, அது என்ன ரிக்கார்டு, எந்தக் குழு பாடியது, எந்தக் கம்பெனி போட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். அதைக் கல்யாண வீட்டு மைக்கில், என் சொந்த மைக்கில், பால்சாமி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நானே வாசிப்பேன். தாள் இல்லாமல் வெறும் மாலையோடு வந்தால் வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், அதோடு சரி.

தாங்கள் பெரிய மனுஷர், மறந்திருப்பீர்கள். நான் சின்ன மனுஷன், மறக்கவில்லை. மம்சாபுரம் வேலுசாமி வீட்டுக் கல்யாணம், செட்டு என்னுடையது. எனக்குப் போட்டியாகச் செட்டு வைத்திருந்த பால்சாமியும் அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தான். தாங்கள் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கப்பல்காரன் ஒருத்தன் கொடுத்தது என்று சொல்லி ஒரு சின்ன ரிக்கார்டை என்னிடம் முந்தின நாள் நீட்டினீர்கள். என் தொழில் சுத்தம் ஊருக்கே தெரியும். நான் எந்த ரிக்கார்டுக்கும் உறை வைப்பதில்லை. வைத்தால் பந்தியில் விசிறியாகப் போய்விடும். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பால்சாமி எட்டிப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் மேல் எனாமல் பெயிண்டு அடித்துவிடுவேன். கல்யாணத்துக்கு மஞ்சள், கோயிலுக்குச் சிவப்பு, சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குக் கறுப்பு, இங்கிலீஷுக்குப் பச்சை. எனக்குப் படிக்கவே வேண்டாம், நிறம் போதும். தாங்கள் கொடுத்த ரிக்கார்டுக்கும் அன்று சாயங்காலமே பச்சை அடித்தாயிற்று. பெயரை நீரே மூடிவிட்டு என்னிடம் கேட்கிறீரா என்று கேட்க வருகிறீர். கேளும். தொழில் ரகசியம் என்றால் அப்படித்தான்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா ஒருவர் அந்தக் காலத்துக் கனத்த ரிக்கார்டு ஒன்றைக் கேட்டார். மேசையில் வைத்த டீ தெறிக்கிற வேகத்தில் சுற்றும் வகை. அதைப் போட்டு முடித்தேன். நிமிர்ந்தால் நீர் முன்வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறீர். மச்சினன் மனசு குளிரட்டுமே என்று உம்முடைய ரிக்கார்டை எடுத்து அப்படியே முள்ளை வைத்தேன். அவ்வளவுதான். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம், பொறவு நாலு பேர் ஒரே மூச்சில் சண்டை போடுகிற மாதிரி ஒரு கத்தல், அதற்கு நடுவே கர்ர்ர்ர் என்று பஞ்சாலை மிஷினில் கல் விழுந்த இரைச்சல். கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பந்திக்குள் புகுந்தது. சாம்பார் வாளியை வைத்திருந்தவன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தபடியே பெண்ணின் சித்தப்பா மடியில் ஊற்றினான். மேளக்காரர்கள் தங்களைத்தான் யாரோ கேலி செய்கிறார்கள் என்று தவிலை உறையில் போட்டுவிட்டார்கள். எவனோ ஒரு புண்ணியவான் ஒயரில் ஆள் மாட்டிக்கொண்டான் என்று கத்தி மெயின் சுவிட்சை அணைத்தான். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. முப்பது வருஷப் பேர் போச்சு.

நீர் எழுந்து வந்து சொன்னீர்: "அத்தான், கப்பல்ல கேட்டப்போ இப்படி இல்ல. பொம்பளைங்க மெதுவாப் பாடுனாங்க." அதாவது, பாட்டில் குற்றமில்லை, என் செட்டில்தான் குற்றம் என்று எல்லார் முன்னாலும் சொன்னீர். பால்சாமி அதைக் கையில் ஏந்திக்கொண்டான். கை கழுவுகிற இடத்தில் நின்று, சுயம்பு அண்ணாச்சி ஸ்பீக்கரில் யூனிட் கிழிந்துவிட்டது, பாவம், புதுசு வாங்க வசதி இல்லை என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொன்னான். நான் ரிக்கார்டைப் பந்தலுக்கு வெளியே எச்சில் இலைக்குள் விட்டெறிந்தேன். அன்றைக்கு நீர் போன வழிதான். அந்த வருஷத்திலிருந்து மம்சாபுரம் முழுக்கப் பால்சாமி செட்டு. எனக்கு மிஞ்சினது 'கரகர சுயம்பு' என்கிற பட்டம். அதே யூனிட், அதே குழாய் ஸ்பீக்கர், அடுத்த மாதமே நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையடியில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் புரட்டாசிச் சனிக்கிழமையில் கணீரென்று பாடியது. அதைக் கேட்க ஒருத்தனும் இல்லை. எல்லாரும் மொட்டை போடப் போய்விட்டார்கள்.

இப்போது சம்பந்தி வீட்டார் வரை இந்தப் பட்டம் எட்டிவிட்டது. கல்யாணத்துக்கு வேறு செட்டு வைத்துக்கொள்ளலாமே என்று சம்பந்தி அம்மாள் பக்குவமாகக் கேட்டாள். ஆவுடை முகம் தொங்கிப்போனது. அன்றைக்கு முடிவு கட்டினேன், அந்தப் பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று. முதலில் ஒரு வெளிநாட்டு ரேடியோ நிலையத்துக்கு, மேற்படி சத்தத்தை எழுத்தில் விவரித்து மூன்று பக்கக் கடிதம் போட்டேன். அவர்கள் மிகுந்த அன்போடு ஒரு காலண்டர் அனுப்பினார்கள். அதில் பனிமலை. அடுப்படியில் உப்பு ஜாடிக்கு மேலே மாட்டியிருக்கிறது. உங்கள் அக்காள் பால் கணக்குக் குறிக்கிறாள். அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பிடித்தேன். பாஷை தெரியாததால் பாட்டையே பாடிக் காட்டினேன். முழுதாக. அந்த அம்மாள் பையைத் துழாவித் தொண்டைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். அவள் புருஷன் எனக்கு ஆட்டோ பிடித்துவிட்டார்.

கடைசியில் நம்ம மாப்பிள்ளைப் பையன்தான் வாயைத் திறந்தான். அவன் காலேஜில் சோலைராஜ் என்று ஒரு மாணவன், தோள்வரை முடி, இங்கிலீஷ் பாட்டில் புலி. கிருஷ்ணன்கோவில் ஹாஸ்டலுக்கே போனேன். நான் பாடினதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது 'பங்க்' என்கிற வகை என்று நிமிஷத்தில் சொல்லிவிட்டான். சீமையில் சில பிள்ளைகள் வேண்டுமென்றே இப்படித்தான் வாசிப்பார்களாம். நல்ல கால்சட்டையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு, காதில் ஊக்கைக் குத்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் துப்புவார்களாம். உங்கள் அக்காள் தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஏழு ஊக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு உள்ளூரப் பயம்தான். இருநூறு முந்நூறு ரிக்கார்டு அடித்து விட்டுவிட்டு அந்தக் குழுவே கலைந்து போயிருக்கும், கண்டுபிடிப்பது சிரமம் என்றான் சோலைராஜ். ஆனாலும் நான் பாடியதை ஒரு கேசட்டில் பதிந்து, விஷயம் தெரிந்த அவன் சிநேகிதன் ஒருத்தனுக்குப் பெங்களூருக்கு அனுப்பினான். இருபது நாளில் பதில். எந்தப் பாட்டு என்று தெரியவில்லை, ஆனால் பாடியிருப்பவர் அபாரம், அவர் எந்த ஊர்க் குழு, வேறு கேசட் உண்டா என்று கேட்டிருந்தான். கேசட்டு ஹாஸ்டல் முழுக்கப் பிரதியாகிவிட்டது. இப்போது காலேஜ் பஸ் என்னைக் கடந்தால் ஜன்னலுக்கு ஒரு தலை நீண்டு "கர்ர்ர்" என்கிறது. அறுபது வயதில் எனக்கு ரசிகர்கள்.

ஆக, பாட்டே அப்படித்தான் என்பது படித்தவர்கள் வாயால் ருசுவாகிவிட்டது. செட்டில் பழுதில்லை. பழுது உம்முடைய கப்பல்காரன் தலையில். பெயர் மட்டும்தான் பாக்கி, அது உமக்குத்தான் தெரியும். "பொம்பளைங்க மெதுவாப் பாடுனாங்க" என்று இன்னொரு தரம் அளக்க வேண்டாம். ஒரு மனுஷனுக்கு அவன் தொழிலில் பழுது சொன்னால் எப்படி இருக்கும் என்று உமக்கு யாராவது துறைமுகத்தில் ஒரு கப்பலை மூழ்கடித்துக் காட்டினால்தான் விளங்கும். எனக்கு ராத்திரிச் சோறு இறங்காமல் போன நாளெல்லாம் உண்டு, மாப்பிள்ளை. அதை எழுதினால் சிரிப்பீர்.

தாங்கள் கும்பிடும் கர்த்தரும் நாங்கள் கும்பிடும் சுடலைமாடனும் இந்த ஒரு காரியத்தில் மட்டும் கலந்து பேசி, தங்களுக்கு நல்ல ஞாபகசக்தியும் உண்மை பேசும் தைரியமும் அருள்வார்களாக. தங்கள் சம்சாரத்துக்கு அக்காள் அன்பையும், எனக்கு வர வேண்டிய தாளை எனக்கும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
பழுதில்லாத செட்டின் சொந்தக்காரன்,
சுயம்புலிங்கம்

பி.கு. (5.8.1997): முந்தாநாள் கவரை ஒட்ட நாலு சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். என்ன எழுதியிருக்கீய என்று உன் அக்காள் கேட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுதையும் வாசித்தேன். அவள் குழம்பை இறக்கினாள். உப்பு ஜாடி மூடியை எடுத்து, அதன் நடு ஓட்டைக்குள் திருகியிருந்த துணியை உருவி, முந்தானையில் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"இதத்தான தேடுதீய? எந்தம்பி குடுத்த பொருளு எச்சி எலைக்குள்ள கெடக்கவான்னு அன்னைக்கே எடுத்துட்டு வந்துட்டேன்."

பதினாலு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊரெல்லாம் கேட்டீய. எங்கிட்டக் கேட்டீயளா?" என்றாள்.

ஈரக் கையும் உப்பும் பட்டுப் பட்டுப் பச்சைப் பெயிண்டு முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. பாட்டின் பெயரையும் சேர்த்து உப்புத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஓரத்தில் ஒரே ஒரு எண்: 33. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, ஞானதுரை. முப்பத்து மூணு சுற்றில் போட வேண்டியதை, தாத்தா கேட்ட கனத்த ரிக்கார்டின் எழுபத்தெட்டுச் சுற்றிலேயே விட்டிருக்கிறேன். அதற்கான தடித்த முள்ளை மெல்லிய பக்கத்துக்குத் திருப்பவும் இல்லை. அந்த எண்ணின் மேல்தான் நான் பெயிண்டு அடித்திருக்கிறேன். பரணிலிருந்து பிளேயரை இறக்கி, முள்ளைத் திருப்பி, வேகத்தைக் குறைத்து வைத்தேன். உப்புக் கீறலுக்கு நடுவே நாலு பெண்கள், காய்ச்சல் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. நாலரை நிமிஷம். உன் அக்காள் கரண்டியோடு நின்று அழுதாள். நானும்தான்.

செட்டில் பழுதில்லை. அதற்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனிடம்தான் பழுது. நீ அன்றைக்குச் சொன்னது உண்மை. இதை ஒரு தரம்தான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள். மேலே உள்ளதை அவளிடம் வாசித்துக் காட்டியாகிவிட்டது, கிழிக்க விட மாட்டேன் என்கிறாள். ஆகவே அப்படியே வருகிறது. ஏலே, தாளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். மாலையோடு வா, நாலு நாள் முந்தி வா.

கல்யாணத்துக்குச் செட்டு, பால்சாமி செட்டு. நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு நீ மாலை போடும்போது இந்த ரிக்கார்டுதான் ஓட வேண்டும் என்று அவன் கையில் கொடுத்தேன். வாங்கினவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாகக் கேட்டான்: "அண்ணாச்சி, இது எத்தன சுத்து?"